கூண்டுக் கம்பி படத்தில் தெரியாமலிருக்க எந்த லென்ஸ் வாங்கலாம்? தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, பிள்ளைகளை பிரிட்டோரியா ஜூவுக்குக் கூட்டிப் போறோம். போன்ல எடுத்தா சிங்கம் மங்கலா, கம்பி பளிச்சுன்னு தெரியுது. 70-200 எஃப் 2.8 லென்ஸ் வாங்கிட்டா கம்பி மறைஞ்சிடுமா?" ஜோகன்னஸ்பர்க், மிட்ராண்ட் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். டர்பன்காரர்கள் உம்கேனி பறவைப் பூங்காவையும் மிட்செல் பார்க்கையும் மனதில் வைத்து இதையே கேட்கிறார்கள்.

மறையும். ஆனால் எல்லாக் கூண்டுக்கும் அந்த லென்ஸ் வேண்டியதில்லை. கம்பியோடு ஒட்டி நிற்க முடிகிற இடத்தில் சின்ன லென்ஸ்தான் பெரிய லென்ஸைவிட நன்றாக வேலை செய்யும். கம்பியிலிருந்து தள்ளி நிறுத்தப்படும் இடத்தில்தான் பெரிய லென்ஸுக்குக் கொடுத்த பணம் வீண்போகாது. எனவே விலைப்பட்டியலைத் திறக்கும் முன், நீங்கள் போகும் இடத்தில் கூண்டுக்கு எவ்வளவு அருகில் நிற்க விடுகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முடிவில் பாதி அதிலேயே வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

தடுப்பு. பெரும் பூனைகள், பெரிய குரங்குகள், ஓநாய்கள் போன்றவற்றின் கூண்டுக்கும் நமக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கைப்பிடித் தடுப்போ செடி வரிசையோ இருக்கும். அது கம்பியிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. கையை நீட்டி கேமராவைக் கம்பிக்குள் நுழைக்கவும் கூடாது. அதிலும் இந்த நாட்டில் வேலியோடு மின்கம்பி ஓடுவது சகஜம், மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் விலகியே நில்லுங்கள். பறவைக் கூண்டுகளிலும் சிறு விலங்குகளின் கூண்டுகளிலும் பல நேரம் இந்தத் தடுப்பு இருக்காது.

திறப்பின் அகலம். இதுதான் முக்கியமான அளவு, கடைக்காரர் யாரும் சொல்லாத அளவும் இதுதான். லென்ஸின் ஃபோகல் லெங்த்தை (மி.மீ.யில் சொல்லும் நீளம், பெரிதானால் தூரம் எட்டும்) எஃப் எண்ணால் (சிறிதானால் திறப்பு அகலும்) வகுத்துப் பாருங்கள். 200 மி.மீ.யை 2.8-ஆல் வகுத்தால் 71 மி.மீ. 250-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45. மிருகத்தின் கண்ணிலிருந்து கிளம்பும் ஒளி இந்த அகலமுள்ள திறப்பு வழியாகத்தான் கேமராவுக்குள் போகிறது. இங்கே வீட்டு வேலிகளில் பார்க்கும் டயமண்ட் மெஷ் கம்பியின் தடிமன் பொதுவாக இரண்டரை மி.மீ. அளவு, அதன் வலைக்கண் (கம்பிகளுக்கு நடுவிலுள்ள ஓட்டை) 50 மி.மீ. அளவு. 71 மி.மீ. திறப்புக்கு முன்னால் இரண்டரை மி.மீ. கம்பி நின்றால் அது மறைப்பது கொஞ்சம்தான். மீதி ஒளி இருபுறமும் சுற்றி வந்து படத்தை முழுமையாக்கிவிடும். போனின் திறப்போ நாலைந்து மி.மீ.தான், அதே கம்பி அதில் பாதியை அடைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மிருகத்திலிருந்து வரும் ஒளிக்கற்றை லென்ஸை எட்டும்போதுதான் முழு அகலத்துக்கு விரிகிறது, கம்பியைக் கடக்கும் இடத்தில் அது இன்னும் குறுகலாகவே இருக்கும். நீங்கள் கம்பியிலிருந்து ஒன்றரை மீட்டரும் மிருகத்திலிருந்து ஆறு மீட்டரும் தள்ளி நிற்கிறீர்கள் என்றால், கம்பி இருக்கும் இடத்தில் கற்றையின் அகலம் திறப்பில் முக்கால் பங்கு. 71 மி.மீ. லென்ஸுக்கு அது 53, 45 மி.மீ. லென்ஸுக்கு 34. கற்றை வலைக்கண்ணைவிட அகலமாக இருந்தால் கம்பியின் நிழல் படம் முழுக்கச் சமமாகப் பரவி, கம்பி இருந்த இடமே தெரியாது. குறுகலாக இருந்தால் வெளுப்பும் கருப்புமாக மெல்லிய பட்டைகள் நிற்கும். சிங்கத்தின் பிடரியில் அவை கண்ணில் படாது, வெறும் வானத்திலும் சிமெண்ட் சுவரிலும் படும்.

மிருகம் கம்பியில் உரசிக்கொண்டு நின்றால் இந்தக் கணக்கே செல்லாது. அங்கே எந்த விலை லென்ஸும் உதவாது, அது நகரும்வரை காத்திருப்பதுதான் வழி. இரண்டு அடுக்கு வலை போட்ட கூண்டிலும் இதே கதைதான், உள்வலை மிருகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது மறையாது.

வெயில். கம்பி மங்கினாலும் அதன் மேல் விழும் வெயில் மங்குவதில்லை. புது கால்வனைஸ்டு கம்பி வெயிலில் பளபளத்தால் அந்த வெளிச்சம் படம் முழுக்க வெள்ளைப் புகைபோலப் படியும். கருப்பு வண்ணம் பூசிய கம்பி, நிழலில் இருக்கும் கம்பி இரண்டும் நமக்கு நண்பர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒன்றைப் பழக்கிக்கொள்ள வேண்டும்: இங்கே நடுப்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். ஆகவே பார்வையாளர் நிற்கும் பக்கம் தெற்கு நோக்கி இருக்கும் கூண்டில், மதியத்தில் நம் பக்கத்துக் கம்பி நிழலில் இருக்கும். காலையிலும் மாலையிலும் சூரியனை முதுகுக்கு வைத்து நின்றால் உங்கள் நிழலே கம்பியில் விழும், அந்த நிழல் விழுந்த இடத்தின் வழியாக எடுங்கள். கருப்புக் குடை ஒன்று கையில் இருந்தால் எந்த நேரத்திலும் அந்த நிழலை நீங்களே உண்டாக்கலாம். எந்த லென்ஸ் வைத்திருந்தாலும், இருநூறு ராண்டுக்கும் குறைவான குடை செய்யும் வேலையை விலை உயர்ந்த ஃபில்டர் செய்யாது.

ஃபோகஸ். கேமரா கிட்ட இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும், அதாவது கம்பியை. இதிலிருந்து தப்ப ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வழி.

மறைந்திருக்கும் செலவு. எடை, காப்பீடு, நேரம், ஈரப்பதம். கடைசியாக, ஜூவைத் தவிர வேறு எதற்கு அந்த லென்ஸ் பயன்படும் என்பது.

## ஒரு பார்வையில்

| கருவி | திறப்பின் அகலம் | கம்பியை ஒட்டி நிற்க முடிந்தால் | தடுப்புக்குப் பின்னால் நின்றால் | யோசிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| போன் | 4 முதல் 6 மி.மீ. | மிக நன்று | உதவாது | குரங்கு பறித்துக்கொள்ளும் அபாயம் |
| பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமரா) | 38 முதல் 55 மி.மீ. | நன்று | நடுத்தரம் | நிழலில் புள்ளி புள்ளியாகும் |
| 55-250, 70-300 | 45 முதல் 54 மி.மீ. | மிக நன்று | நடுத்தரம் | மெதுவான ஃபோகஸ் |
| 70-200 எஃப் 2.8 | 71 மி.மீ. | நன்று | மிக நன்று | விலை, எடை, எட்டாத தூரம் |
| 100-400 | 50 முதல் 71 மி.மீ. | நன்று | நன்று முதல் மிக நன்று | வெளிச்சம் தேவை |
| வேலியில்லா இடம் | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தாது | பெட்ரோல், நேரம், காத்திருப்பு |

## போன்

போனை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அதன் லென்ஸ் அவ்வளவு சின்னது என்பதாலேயே வலைக்கண்ணின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிடும், கம்பி படத்துக்குள் வரவே வராது. 25 மி.மீ. கண்ணுள்ள பறவைக்கூண்டு வலையிலும் இது நடக்கும். மீர்கட், ஆமை, கிளி போன்றவை வலைக்குக் கிட்ட வரும் இடங்களில் போனுக்கு ஈடு வேறு இல்லை.

கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. முதுகில் மூன்று லென்ஸ் இருக்கும் போன்களில், நீங்கள் டெலி லென்ஸை (தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸை) வலைக்கண்ணுக்கு நேராக வைத்திருப்பீர்கள். வெளிச்சம் குறைந்தாலோ பொருள் ரொம்பக் கிட்ட இருந்தாலோ போன் உங்களிடம் சொல்லாமலே பிரதான லென்ஸுக்கு மாறி, அந்தப் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும். திடீரென்று திரையில் கம்பி முளைப்பது இதனால்தான். விரலால் ஒவ்வொரு லென்ஸாக மூடிப் பாருங்கள், திரை எப்போது இருட்டாகிறதோ அதுதான் இப்போது வேலை செய்யும் லென்ஸ். அதை வலைக்கண்ணுக்கு நேராக நகர்த்துங்கள்.

போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். கம்பி எங்கே முடிகிறது, மிருகம் எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. கம்பியை அழித்துத் தரும் செயலிகள் யானைத் தோல் போன்ற ஒரே மாதிரிப் பரப்பில் ஒப்பேற்றும். வரிக்குதிரையின் கோட்டிலும் பறவையின் இறகிலும் கண்ணிலும் இல்லாததை வரைந்து வைக்கும். குடும்ப ஆல்பத்துக்கு அது போதலாம். படப் போட்டிக்கு அனுப்ப நினைத்தால் அந்த வழியில் போகவே வேண்டாம், இல்லாத இறகை நாம் வரைந்து காட்டுவது அந்தப் பறவைக்கும் பார்ப்பவருக்கும் நியாயமில்லை.

தடுப்புக்குப் பின்னால் நிற்கும்போது போனை உள்ளே வைத்துவிடுங்கள். ஒன்றரை மீட்டருக்கு அப்பாலிருக்கும் கம்பி போனுக்குக் கம்பியாகவேதான் தெரியும். குரங்குக் கூண்டருகே கைக்கயிறு இல்லாமல் போனை நீட்டவே நீட்டாதீர்கள்.

## பிரிட்ஜ் கேமரா

நிக்கான் பி950, கேனான் எஸ்எக்ஸ்70, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 போன்றவை. இவற்றின் சென்சார் சின்னது என்பதால் "பின்னணி மங்காது, கம்பி மறையாது" என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. சோனியின் லென்ஸ் உண்மையில் 220 மி.மீ., எஃப் 4. திறப்பு 55 மி.மீ. நிக்கானுக்கும் ஏறக்குறைய 55 வருகிறது. கேனானுக்கு 38. அதாவது சோனியும் நிக்கானும் 70-300 லென்ஸுக்குச் சமமாகவே கம்பியைக் கரைக்கும், கேனான் கொஞ்சம் குறைவாக, ஜூமை முழுக்க நீட்டியிருக்கும்வரை. ஜூமைக் குறைத்தால் திறப்பும் சுருங்கிவிடும், கம்பி திரும்ப வந்துவிடும்.

முழு ஜூமில் சில மாடல்கள் ஐந்து மீட்டருக்குக் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. குறைபோலத் தெரிந்தாலும் இங்கே இது வசதி, கம்பியை அவற்றால் பிடிக்கவே முடியாது. நிழலான கூண்டில் மட்டும் இவை திணறும். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறியதும் ரோமம் களிமண் பூசியதுபோல் ஆகிவிடும். வேறு லென்ஸ் எதையும் சுமக்க விரும்பாத பெற்றோருக்கு நல்ல தேர்வு.

## 55-250, 70-300: கேமரா கிட்டோடு வரும் டெலி

பழைய டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா) வைத்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் இது ஏற்கெனவே பையில் தூங்கிக்கொண்டிருக்கும். புதிதாக எதையும் வாங்கும் முன் இதை எடுத்துப் பாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

கம்பியை ஒட்டி நிற்க முடிகிற கூண்டில் இதன் 45 மி.மீ. திறப்பு, 50 மி.மீ. வலைக்கண்ணுக்குள் முழுசாக அடங்கிவிடும். ஒரு கம்பிகூட அதன் குறுக்கே வராது. இதே இடத்தில் 70-200 எஃப் 2.8-ஐ வைத்தால் அதன் 71 மி.மீ. திறப்பின் மேல் எப்படி வைத்தாலும் இரண்டொரு கம்பி விழும், வெயில் பட்டால் படம் வெளுக்கும். இந்த இடத்தில் மலிவானதுதான் வெல்கிறது. லென்ஸின் மையத்தை வலைக்கண்ணின் மையத்துக்கு நேராக வைப்பது மட்டும்தான் நம் வேலை. ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பை) கழற்றிவிடுங்கள், அது லென்ஸைக் கம்பியிலிருந்து தள்ளி வைக்கும்.

எப்போதும் முழு நீளத்துக்கு ஜூம் செய்து, எஃப் எண்ணை அந்த லென்ஸால் முடிந்த அளவு குறைத்து வையுங்கள். "எஃப் 8-இல்தான் படம் கூர்மையாக வரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேலியில்லாத இடத்தில் அது சரி. இங்கே எஃப் 8 என்றால் 250 மி.மீ. லென்ஸின் திறப்பு 31 மி.மீ. ஆகிவிடும், கம்பிக்கு நாமே உயிர் கொடுத்ததாகிவிடும்.

குறை என்னவென்றால் ஃபோகஸ். மெதுவாக முன்னும் பின்னும் ஓடிக் கம்பியில் போய் நிற்கும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, வலைக்கண்ணின் இடைவெளி வழியாக மிருகத்தின் கண்ணில் வையுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் மேனுவலுக்கு மாற்றிக் கையால் திருப்புங்கள். தூங்கும் சிங்கத்துக்கு அது போதும், அங்குமிங்கும் நடக்கும் ஓநாய்க்குப் போதாது.

## 70-200 எஃப் 2.8

எல்லோரும் ஆசைப்படும் லென்ஸ். தடுப்புக்குப் பின்னால் நின்று, நிழலான கூண்டில் நடமாடும் சிறுத்தையை எடுக்க வேண்டுமென்றால் இதற்கு நிகராகச் சில லென்ஸ்கள்தான் உண்டு. திறப்பு அகலம், வெளிச்சம் நிறைய, ஃபோகஸ் வேகம். பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லையைக் குறைக்கும் ஒரு ஸ்விட்ச் பெரும்பாலானவற்றில் இருக்கும். அதைத் தூரத்துக்கு மாற்றி வைத்தால் கேமரா கம்பியைத் தேடிப் போகாது. மிருகங்களின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவோடு சேர்ந்தால் வேலை இன்னும் சுலபம்.

அப்புறம் செலவுகள். டி.எஸ்.எல்.ஆர். காலத்து 70-200 எஃப் 2.8 ஒன்றரைக் கிலோ அளவு இருக்கும்; மிரர்லெஸ்ஸுக்கு வந்த புதியவை ஒரு கிலோவை ஒட்டி இருக்கின்றன. பிரிட்டோரியா ஜூ 85 ஹெக்டேர், அப்பீஸ் ஆறு நடுவில் ஓடுகிறது, மறுபக்கம் மேடு. ஜோகன்னஸ்பர்க் ஜூ சுமார் 55 ஹெக்டேர். ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் தண்ணீர்ப் பையையும் பிடித்துக்கொண்டு இந்த எடையை நாள் முழுக்கச் சுமக்க முடியுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

காப்பீட்டைப் பலரும் யோசிப்பதில்லை. வீட்டுப் பொருள்களுக்கான பாலிசி, வெளியே எடுத்துப் போகும் கேமராவைத் தானாகக் காப்பதில்லை. பாலிசியின் ஆல் ரிஸ்க் (வெளியே கொண்டுபோகும் பொருள்களுக்கான) பகுதியில் லென்ஸின் பெயரும் வரிசை எண்ணும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டும், மாதத் தவணை ஏறும். கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போகிறேன் என்பவர்கள், ரிமோட்டை அழுத்திய பிறகு கதவைக் கையால் இழுத்துப் பார்க்காமல் நகரக் கூடாது. பூட்டும் சமிக்ஞையைத் தடுத்துக் காரைத் திறந்துவிடும் திருட்டு இங்கே எல்லா வாகன நிறுத்தத்திலும் நடக்கக்கூடியது.

சென்னைக்குப் போகும்போது வாங்கி வந்தால் மலிவு என்று நினைப்பவர்களுக்கு: பயணிக்குச் சுங்க வரியில்லாமல் கொண்டுவர அனுமதிக்கப்படும் மதிப்பு 5,000 ராண்ட். இந்த லென்ஸ் அதைப் பலமடங்கு தாண்டும். அதற்கு மேல் உள்ளதற்கு வரி கட்டி, உத்தரவாதம் இங்கே செல்லுமா என்றும் பார்த்துக் கணக்குப் போட்டால் லாபம் கரைந்துவிடும். டர்பனில் செகண்ட் ஹேண்டாக வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஈரப்பதத்தில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸில் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். வாங்கிய பிறகும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த லென்ஸ் ஜூவோடு முடிந்துவிடாது. தைப்பூசத்தில் காவடியை விடியற்காலை வெளிச்சத்தில் எடுக்க, மகளின் அரங்கேற்றத்தை மங்கலான அரங்கத்தின் பின்வரிசையிலிருந்து எடுக்க இதுதான் சரியான லென்ஸ். வருடத்தில் ஓரிரு முறை ஜூவுக்குப் போவதற்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள், வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். அப்போதும் முன்பணம் எவ்வளவு, உடைந்தால் நம் பங்கு எவ்வளவு என்று கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

## 100-400: அதிகம் பேசப்படாத தேர்வு

400-ஐ 5.6-ஆல் வகுத்துப் பாருங்கள். 71. அதாவது 100-400 எஃப் 4.5-5.6 லென்ஸின் திறப்பு 70-200 எஃப் 2.8-க்குச் சமம். கம்பியை அதே அளவு கரைக்கும், கூடவே இரு மடங்கு தூரம் எட்டும். எஃப் எண்ணை மட்டும் பார்த்து லென்ஸ் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எஃப் 6.3-இல் முடியும் மலிவான 100-400 லென்ஸ்களுக்கு 63 மி.மீ. வரும், அதுவும் மோசமில்லை. கேனானின் சின்ன ஆர்.எஃப். 100-400 எஃப் 8-இல் முடிகிறது, திறப்பு 50 மி.மீ., எடையோ 635 கிராம்தான். டயமண்ட் மெஷ்ஷை ஒட்டி நின்றால் கண்ணுக்குள் ஏறக்குறைய அடங்கும், தள்ளி நின்றால் 70-300 போலவே நடந்துகொள்ளும். பையில் இருப்பதே தெரியாத எடை.

இந்த வகைக்கு வெளிச்சம் வேண்டும். ஹைவெல்டின் (ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா இருக்கும் மேட்டு நிலத்தின்) குளிர்கால வானம் மேகமில்லாமல் இருக்கும், ஜூன், ஜூலை விடுமுறையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கோடையின் பிற்பகல் இடிமழை மேகத்திலும், கூரை போட்ட கூண்டிலும் எஃப் 2.8 இரண்டு ஸ்டாப் (அதாவது நாலு மடங்கு வெளிச்சம்) முன்னால் நிற்கும். அரங்கேற்றத்துக்கும் 100-400 ஆகாது. ஆனால் காட்டுக்குப் போகும் நாளில் 70-200 தூரம் எட்டாமல் ஏங்கும், இது ஏங்காது. என் பணமென்றால், கோயில், நடன நிகழ்ச்சி எடுக்காத ஒருவருக்கு இதைத்தான் வாங்கித் தருவேன்.

## கண்ணாடிச் சுவர் என்றால்

கம்பிக்குப் பதில் கண்ணாடி இருக்கும் இடங்களில் மேலே சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம். போனைக் கண்ணாடியோடு ஒட்டிவிடுங்கள். பெரிய லென்ஸுக்கு மடங்கும் ரப்பர் ஹூட் போட்டு ஒட்டுங்கள். கருப்புச் சட்டை போட்டுப் போங்கள், வெள்ளைச் சட்டைதான் பிரதிபலிப்பாக வந்து நிற்கும். போலரைசர் ஃபில்டர் சாய்வாகப் பார்க்கும்போதுதான் உதவும், நேர் எதிரே நின்றால் உதவாது. அக்ரிலிக் தடுப்பிலும் டெம்பர்டு கண்ணாடியிலும் அது வானவில் கறைகளைக் காட்டும். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். மிருகத்துக்கும் தொந்தரவு, கம்பியும் கண்ணாடியும்தான் வெளிச்சமாகும்.

## வேலியே இல்லாத இடத்துக்குப் போவது

லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கும் வழி இது. இந்த நாட்டில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு இல்லை.

டர்பனில் உம்கேனி பறவைப் பூங்கா முதல் படி. பழைய கல்குவாரியில் அமைந்தது, உள்ளே நடந்து போகும்படியான பெரிய பறவைக்கூடங்கள் உண்டு. வலைக்கு உள்ளே நாமும் நிற்பதால் கம்பிப் பிரச்சினையே பின்னணிக்குப் போய்விடும். பறவைக்கும் பின்வலைக்கும் நடுவில் தூரம் இருக்கும்படி நின்றுகொண்டால் 55-250 போதும்.

அடுத்த படி வனவிலங்குக் காப்பிடங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாக்காரர்களுக்கு டினோகெங் பக்கத்திலேயே இருக்கிறது, பிலானஸ்பர்க் இரண்டு மணிநேரம் அளவில். டர்பனிலிருந்து ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோஸி சுமார் மூன்று மணிநேரம். 1895-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது, வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து மீட்ட மண். எல்லாவற்றிலும் சொந்தக் காரிலேயே போகலாம். குறுக்கே இருப்பது கார் ஜன்னல் மட்டும், அதையும் இறக்கிவிடலாம், இறங்கத்தான் கூடாது. ஜன்னல் விளிம்பில் வைக்க ஒரு அரிசிப் பை போதும், ஸ்டாண்ட் வேண்டாம்.

செலவு வேறு வடிவத்தில் வரும். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், விடியற்காலை எழுந்திருப்பது, நாள் முழுக்கக் காரில் உட்கார வேண்டிய பிள்ளைகள். சிங்கம் கண்ணில் படும் என்ற உறுதியும் இல்லை. ஜூவில் சிங்கம் எந்த மணிக்கும் இருக்கும். ஆனால் அங்கே எடுக்கும் நல்ல படத்தில்கூட அது எங்கே படுத்திருக்கிறது என்பது ஏதோ ஒரு மூலையில் தெரிந்துவிடும். யானையை எடுக்க வேண்டும் என்பவர்கள் காட்டுக்கே போய்விடுங்கள். சர்க்கஸிலும் பிரிட்டோரியா ஜூவிலுமாக நாற்பது வருடம் அடைபட்டிருந்த சார்லி என்ற யானை 2024-இல் ஷம்பாலா காப்பிடத்துக்கு அனுப்பப்பட்டது, அதுதான் அந்த ஜூவின் கடைசி யானை. அந்த முடிவு எனக்கு மகிழ்ச்சி.

கம்பி இல்லாமல் கிட்டப் படமெடுக்க இன்னொரு வழியையும் விளம்பரங்களில் பார்ப்பீர்கள்: கூண்டுக்குள்ளே போய்ச் சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் படமெடுக்கலாம் என்று. இதை நான் ஒரு தேர்வாகவே கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் குட்டிகள் தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்டவை, வளர்ந்த பிறகு அவற்றை வேட்டைக்கும் எலும்பு வணிகத்துக்கும் விற்கும் ஒரு தொழிலே இங்கே இருக்கிறது. 2021-இல் அரசின் உயர்மட்டக் குழு, வணிகத்துக்காகச் சிங்கங்களைக் கூண்டில் வளர்ப்பதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த வாசலுக்குப் போகாதீர்கள். ஏன் போகவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

## யாருக்கு எது

சின்னப் பிள்ளைகளோடு வருடத்துக்கு ஒரு தடவை போகிறவர்களுக்குப் போனும் குடையும் போதும். தடுப்புள்ள கூண்டுகளைக் கண்ணால் பார்த்து ரசித்துவிட்டு, ஒட்டி நிற்க முடிகிற கூண்டுகளில் படமெடுங்கள்.

பழைய கேமரா வீட்டில் இருந்தால் 55-250-ஐத் தூசி தட்டுங்கள். கேமராவே இல்லை, ஒரே கருவியில் எல்லாம் வேண்டும் என்றால் பிரிட்ஜ். அடிக்கடி போகிறவர், பெரும் பூனைகள்தான் ஆசை, நடன நிகழ்ச்சியும் எடுப்பேன் என்றால் 70-200 எஃப் 2.8-க்குப் பணம் சேருங்கள். ஜூவும் காடும் சேர்த்து என்றால் 100-400.

இன்னும் தயக்கம் இருந்தால் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ டயமண்ட் மெஷ் வேலி கட்டாயம் இருக்கும், மின்கம்பி ஓடாத வேலியாகப் பாருங்கள். அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, வேலிக்கு அப்பால் நாலைந்து மீட்டரில் பிள்ளையின் பொம்மை ஒன்றை வைத்து, இப்போது கையில் இருக்கும் கருவியால் எடுங்கள். அப்புறம் வேலியை ஒட்டி நின்று அதையே எடுங்கள். காலை வெயிலில் ஒன்று, உங்கள் நிழலில் ஒன்று. வேலியை ஒட்டி நின்று எடுத்த படங்கள் உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் புது லென்ஸ் தேவையில்லை. தள்ளி நின்று எடுத்தவற்றில் கம்பி உறுத்துகிறது, அந்த இடத்திலிருந்துதான் எடுக்கவும் வேண்டும் என்றால், அதே வேலிக்கு முன்னால் வாடகை லென்ஸை வைத்து இதே படங்களை எடுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.